நெல்லுக்கு விலை எங்கே தீர்மானமாகிறது? வன்னிப் பொருளாதாரம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயர்தர மாணவர்கள், புதிதாக வயலில் இறங்குபவர்கள், காணியை உறவினரிடம் விட்டுவிட்டு வெளிநாட்டில் இருப்பவர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. விளக்கத்துக்காக நாங்களே போட்ட கணக்கு எது என்பதை அந்தந்த இடத்தில் சொல்லியிருக்கிறோம்.

வன்னி என்று எந்த இடங்களைச் சொல்கிறோம்?

தேர்தல் மாவட்டமாகப் பார்த்தால் வவுனியா, மன்னார், முல்லைத்தீவு. கிளிநொச்சிக்காரர் வாக்குப் போடுவது யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில். ஆனால் ஆனையிறவைத் தாண்டித் தெற்கே வந்தால் காடும் குளமும் வயலும்தான். அதனால் இங்கே நான்கு மாவட்டத்தையும் சேர்த்தே பேசுகிறோம்.

இங்கே ஏன் இத்தனை குளங்கள்?

மழை வருடத்துக்கு ஒரு தரம்தான் ஒழுங்காக வரும். ஒக்டோபரில் தொடங்கி டிசெம்பர், தை வரை வடகீழ்ப் பருவ மழை. பிறகு சித்திரையில் கொஞ்சம். மிச்ச மாதங்களில் தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று ஈரத்தை உறிஞ்சும். வருடம் முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. கனகராயன் ஆறும் மற்ற ஆறுகளும் மாரியில் கரை புரண்டு கோடையில் மணலாகக் கிடக்கும். மாரித் தண்ணீரை மறித்து வைத்தால்தான் கோடையில் சோறு.

ஒரு குளத்துக்கு ஐந்து உறுப்பு. மேலே தண்ணீர் வந்து சேரும் காடு, அதாவது நீரேந்து பிரதேசம். தண்ணீர் பரவி நிற்கும் ஓரம் அலைகரை. மறிக்கும் மண் அணை குளக்கட்டு. வயலுக்குத் தண்ணீர் விடுவது துருசு. மிதமிஞ்சியது வழிந்தோடுவது வான். சிறு குளங்கள் தொடராக இருக்கும். மேல் குளத்து வானும் வயல் கழிவும் கீழ்க் குளத்துக்கு வரவாகும்.

பழுது வருவதும் இந்த ஐந்தில்தான். நீரேந்து காட்டை வெட்டினால் மண் அரித்து வந்து குளம் தூர்ந்துவிடும். அலைகரையில் வேலி போட்டு விதைத்தவர், தன் பயிர் மூழ்காதிருக்க இரவோடு இரவாக வானை வெட்டிவிடுவார். கட்டில் பெரிய மரம் நின்றால் அது பட்டபின் உக்கிய வேர் போன வழியே நீர் கசியும். கசியும் நீர் தெளிவாக வந்தால் கவனித்துக்கொண்டிருக்கலாம். கலங்கி வந்தால் உள்ளே மண் கரைகிறது என்று அர்த்தம், அன்றைக்கே அறிவிக்க வேண்டும். துருசுக் கதவு இறுகினால் சிலர் அலவாங்கால் நெம்புவார்கள். தண்டு வளைந்துவிட்டால் அந்தப் போகம் முழுவதும் தண்ணீர் வீணாக ஓடும்.

கட்டுக்கரைக்குளத்தையும் இரணைமடுவையும் கட்டியது யார்?

இரண்டும் வெவ்வேறு காலம். மன்னார்க் கட்டுக்கரைக்குளம் பழையது. மரபு அதை 5 ஆம் நூற்றாண்டின் தாதுசேன மன்னனோடு சேர்த்துச் சொல்லும். அருவி ஆற்றைத் தேக்கம் என்ற இடத்தில் மறித்து, வாய்க்கால் வழியே கொண்டுவருகிறார்கள். ஆங்கிலேயர் 19 ஆம் நூற்றாண்டின் கடைசியில் அதைத் திருத்தினார்கள். இந்தக் குளம் பல சிறு குளங்களை நிரப்பி, அவற்றின் வழியாகவே வயலுக்குப் போகிறது. அதனால் மன்னாரில் ‘பெரிய குளத்தில் தண்ணீர் இருக்கு’ என்பது மட்டும் போதாது, உங்கள் சிறு குளத்துக்கு வந்துவிட்டதா என்பதையும் கேட்க வேண்டும். குளத்தை அண்டிப் பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் தலைமையில் நடந்த அகழ்வில் சுடுமண் உருவங்கள் ஏராளமாகக் கிடைத்தன.

இரணைமடு ஆங்கிலேயர் காலத்து வேலை. 1902 இல் தொடங்கி 1920 அளவில் முடிந்தது. பின்னர் பல தடவை கட்டு உயர்த்தப்பட்டது. கடைசித் திருத்தத்தில் 34 அடி 36 அடியானது. கொள்ளளவு 119,500 ஏக்கர் அடி. ஓர் ஏக்கர் நிலத்தில் ஓர் அடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர்தான் ஓர் ஏக்கர் அடி. 1930களில் கிளிநொச்சியில் குடியேற்றம் தொடங்கியதற்கு இந்தக் குளமே காரணம். தண்ணீர் வந்த பிறகுதான் ஊர் வந்தது.

பழைய காலத்தில் இந்தியாவோடு என்ன வியாபாரம் நடந்தது?

மாதோட்டம் என்ற மாந்தைத் துறைமுகத்தை முதலில் சொல்ல வேண்டும். சம்பந்தரும் சுந்தரரும் திருக்கேதீச்சரத்தைப் பாடும்போதே அது கப்பல் வந்துபோகும் ஊர். சோழர் பிடித்ததும் அதற்கு இராஜராஜபுரம் என்று இன்னொரு பெயர் வந்தது. அங்கே கிடைத்த சோழர் காலக் கல்வெட்டொன்றில் கோயில் விளக்குக்காக வைத்த காசை வெற்றிலை வாணியர், வாழைக்காய் வாணியர், எண்ணெய் வாணியரான சங்கரபாடியார் பொறுப்பேற்று, வட்டியில் விளக்கெரிக்க ஒப்புக்கொண்டது பதிவாகியிருக்கிறது. ஆயிரம் வருடத்துக்கு முன்னரே முதலைத் தொடாமல் வட்டியில் தர்மம் செய்திருக்கிறார்கள். வியாபாரிகள் கூட்டாக உத்தரவாதம் நின்றிருக்கிறார்கள். கோயில் ஊரின் வங்கியாகவும் இருந்திருக்கிறது.

அடுத்தது யானை. பனங்காமம், கரிக்கட்டுமூலை, கருநாவல்பற்று, மேல்பற்று, முள்ளியவளை போன்ற வன்னிமைகள் (வன்னியர் என்ற குறுநிலத் தலைவர்களின் ஆட்சிப் பிரிவுகள்) போர்த்துக்கேயருக்கும் ஒல்லாந்தருக்கும் திறை செலுத்தியது யானையாகத்தான். காட்டில் பிடித்த யானையை ஆனையிறவு வழியே குடாநாட்டுக்கு ஓட்டிப்போய் விற்பார்கள். வாங்குவதற்குக் கோல்கொண்டா, சோழமண்டலக் கரை, வங்காளம் என்று இந்திய வணிகர்கள் வருவார்கள். கடல் கடந்த அரசவைகளுக்கு யானை வேண்டியிருந்தவரை வன்னியர் கையில் பேரம் பேசப் பிடி இருந்தது. ஒரே பொருளை ஒரே சந்தைக்கு விற்பவனின் பலமும் பலவீனமும் அதுதான். வன்னித் தலைவன் பண்டாரவன்னியன் 1803 இல் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கி, அதே வருடம் கற்சிலைமடுவில் தோற்ற பிறகு வன்னிமைகளின் கதை முடிந்துபோயிற்று.

சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்பதை எப்படித் தீர்மானிக்கிறார்கள்?

மாரியில் செய்யும் காலபோகம் மழையோடு சேர்ந்தது, ஆகவே ஏறக்குறைய எல்லா வயலும் விதைபடும். சண்டை வருவது கோடையில் குளத்து நீரை நம்பிச் செய்யும் சிறுபோகத்தில். சித்திரைக்கு முன்பின்னாகக் கமக்கார அமைப்புகள், நீர்ப்பாசனத் திணைக்களம், கமநல சேவை நிலையம், மாவட்டச் செயலகம் எல்லாம் ஒரு கூட்டத்தில் உட்கார்ந்து, ஏக்கர் எவ்வளவு, விதைப்புக் கடைசித் திகதி எது, எத்தனை மாத நெல், தண்ணீர் பூட்டும் திகதி எது என்று முடிவெடுப்பார்கள்.

உதாரணக் கணக்கு ஒன்று. குளத்தில் 12,000 ஏக்கர் அடி இருக்கிறது. துருசுக்குக் கீழே நிற்கும், எடுக்க முடியாத தண்ணீர் 1,000. மாடு, மீன், கிணற்று ஊற்று ஆகியவற்றுக்கென விட்டுவைப்பது 1,000. ஆவியாவதும் கசிவதும் 2,000. இந்த 2,000 கூடிப்போனதாகத் தோன்றும். ஆனால் நாளுக்கு 6 மில்லிமீற்றர் வற்றினாலே 120 நாளில் 72 சென்ரிமீற்றர் போய்விடும். மிச்சம் 8,000. கோடையில் நெல்லுக்கு ஏக்கருக்கு 4 ஏக்கர் அடி என்று பார்த்தால் 2,000 ஏக்கர் செய்யலாம். அந்தக் குளத்துக்குக் கீழே 5,000 ஏக்கர் வயல் இருந்தால் ஆளுக்கு ஐந்தில் இரண்டு பங்கு. இரண்டரை ஏக்கர் உள்ளவருக்கு ஓர் ஏக்கர்.

இனி, கூட்டத் தீர்மானத்தை மீறி 400 ஏக்கர் கூடுதலாக விதைத்துவிட்டார்கள் என்று வைப்போம். இப்போது ஏக்கருக்கு 3.3 ஏக்கர் அடிதான். 105 நாள் நெல்லுக்குத் தண்ணீர் ஏறக்குறைய 87 ஆம் நாளோடு தீரும். அது கதிரில் பால் பிடிக்கும் நேரம். கள்ளமாக விதைத்தவர் வாய்க்கால் தலைப்பில் இருந்தால் அவருக்கு விளையும், கடைவாய்க்காலில் இருக்கும் ஒழுங்கான கமக்காரருக்குப் பதர்தான் மிஞ்சும். அதனால் பங்கு போடும்போது முடிந்தவரை தலைப்புப் பக்கத்து வயலையே எல்லோருக்கும் பிரித்துக் கொடுப்பது நல்லது. வாய்க்கால் ஓடும் தூரம் குறையும், இழப்பும் குறையும். தன் வயலை அந்தப் போகத்துக்கு இன்னொருவருக்கு விட்டுக்கொடுக்க மனம் வருவதுதான் கஷ்டம்.

நெல் பெயரில் வரும் 300, 358, 362 என்ற இலக்கங்கள் என்ன?

வயதைச் சொல்லும் இலக்கங்கள். 250 என்றால் இரண்டரை மாதம். 300 இலிருந்து மூன்று, 350 இலிருந்து மூன்றரை, 400 இலிருந்து நான்கு மாதம். முன்னால் உள்ள பி.ஜி., ஏ.ரி. என்பன பத்தலகொடை, அம்பலாந்தோட்டை ஆராய்ச்சி நிலையங்களைக் குறிக்கும். பி.ஜி. 360 தான் கீரிச் சம்பா. ஏ.ரி. 362 ‘நாடு’ என்ற வகையில் சிவப்பு நெல். மொட்டைக்கருப்பன், பச்சைப்பெருமாள், ஆட்டக்காரி போன்ற பழைய இனங்களில் முதலிரண்டும் இப்போது அரிது. ஆட்டக்காரியை மட்டும் கிளிநொச்சி, மன்னார்ப் பக்கம் இன்னும் விரும்பி விதைக்கிறார்கள்.

வயதை விதைக்கும் நாளோடு கூட்டிப் பாருங்கள். மூன்றரை மாத நெல்லை ஒக்டோபர் 25 இல் விதைத்தால் பெப்ரவரி 7 அளவில் வெட்டு. மூன்று மாத நெல் ஜனவரி 23 அளவிலேயே வெட்டுக்கு வரும். விலைக் கணக்கில் இந்த இரண்டு கிழமை சின்ன விசயம் அல்ல.

வீச்சு விதைப்புக்கு ஏக்கருக்கு இரண்டு புசல் போதும், அதாவது 42 கிலோ அளவு. பயத்தில் மூன்று, நான்கு புசல் வீசுபவர்கள் உண்டு. பயிர் அடர்ந்து அடியில் காற்றோட்டம் நின்றுவிடும். அதற்கு மேல் யூரியாவையும் அள்ளிப் போட்டால் அறக்கொட்டிப் பூச்சிக்கு விருந்து வைத்த மாதிரி.

அறுவடை நேரத்தில் மட்டும் ஏன் விலை விழுகிறது?

இந்தப் பக்கத்தில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். ‘நெல் கூடிவிட்டது, அதனால் விலை குறைந்துவிட்டது’ என்ற பாடப்புத்தகப் பதில் பாதிதான் சரி. அதே நெல்லுக்குச் சில மாதம் கழித்து நல்ல விலை இருக்கிறது. மாசியில் விற்றே ஆகவேண்டிய அவசரம் யாருக்கு என்பதே மிச்சப் பாதி.

வரிசையைப் பாருங்கள். முன்பு கதிரை அருவி வெட்டி, குவித்துச் சூடு வைத்து, நாள் பார்த்து மிதிப்பார்கள். சூட்டில் இருக்கும்போதே நெல் காயும். கொம்பறை என்ற நெற்களஞ்சியத்தில் போட்டுத் தேவைக்கு எடுப்பார்கள். நாட்டு நெல் வெவ்வேறு வயது என்பதால் அறுவடையும் இரண்டு மாதத்துக்குப் பரவும். இப்போது வெட்டும் மெசின் வெளி மாவட்டங்களிலிருந்து லொறியில் வந்து இறங்கும். அது ஊரில் நிற்கும் சில நாளுக்குள் எல்லோரும் வெட்டிக்கொள்ள வேண்டும். மெசின் கொட்டும் நெல்லில் ஈரம் 20 வீதம், 22 வீதம். காயவைக்கத் தளம் கிடையாது, தார் றோட்டுத்தான். இரவில் பனி, எப்போதாவது மாசி மழை. கடைக்காரரின் பசளைக் கடன், மெசின் கூலி, அடைவு வைத்த நகை என்று எல்லாம் வெட்டோடு தருவதாகச் சொன்னவை. வாங்குபவரின் லொறி வயல்வாசலில் நிற்கிறது. அவருக்கு இன்று வாங்காவிட்டால் நாளை இருக்கிறது. விற்பவருக்கு நாளை என்பது முளைத்த நெல்.

தைப்பூசத்தில் புதிர் எடுப்போம், அதாவது முதல் நெல்லை வீட்டுக்குக் கொண்டுவருவோம். புதிருக்குப் பின் இரண்டு மூன்று கிழமைக்குள்தான் விலை அடிமட்டம். கிழக்கிலும் அந்நேரம் வெட்டு நடப்பதால் ஆலைக்காரருக்கு இரு பக்கமிருந்தும் நெல் குவியும்.

ஈர நெல்லை அப்படியே விற்பதா, காயவைத்து விற்பதா?

கணக்குப் போட்டுவிட்டு முடிவெடுங்கள். 20 வீத ஈரமுள்ள 1,000 கிலோ நெல்லில் 800 கிலோதான் நெல், 200 கிலோ தண்ணீர். அதை 14 வீதத்துக்குக் காயவைத்தால் 800 ஐ 0.86 ஆல் வகுக்க வேண்டும்: 930 கிலோ. காய்ந்த நெல் கிலோ 120 ரூபா என்றால் 111,600 ரூபா. ஆகவே ஈர நெல்லுக்கு 111 ரூபா 60 சதம் கிடைத்தால் இரண்டும் சமம். காயவைக்கும் கூலி, படங்கு, சிந்தல் எல்லாம் சேர்த்துக் கிலோவுக்கு 4 ரூபா என்று வைத்தால், ஈர நெல்லை 107 ரூபா 60 சதத்துக்குக் கீழே கொடுப்பது நட்டம். 22 வீத ஈரமென்றால் 1,000 கிலோ 907 ஆகும், 18 வீதமென்றால் 953. இந்த மூன்று எண்ணையும் கைபேசியில் குறித்து வைத்திருந்தால் லொறிக்காரரோடு நின்று பேசலாம்.

காயவைக்கும்போது நெல் ஓர் அங்குலத்துக்கு மேல் தடிக்கக் கூடாது. அரை மணிக்கு ஒரு தரம் கிளறுங்கள். நடு வெயிலில் தார் றோட்டில் போட்டால் வேகமாகக் காயும், ஆனால் மணிக்குள் வெடிப்பு விழும். ஆலையில் குறுணல் கூடினால் அடுத்த தடவை உங்கள் நெல்லுக்கு விலை குறைப்பார்கள். காய்ந்த நெல்லில் இரவுப் பனி பட்டாலும் அதே வெடிப்பு. பின்னேரம் குவித்து மூடிவிடுங்கள். சேமித்து வைப்பதென்றால் 14 போதாது, 12 அல்லது 13 வீதத்துக்கு இறக்குங்கள். மூடையை வெறும் சீமெந்துத் தரையில் அடுக்க வேண்டாம்.

தராசு பற்றி ஒரு வார்த்தை. வாசலில் தராசு வைத்ததும், வாய் பிரிக்காத 50 கிலோ யூரியா அந்தரை முதலில் ஏற்றிப் பாருங்கள். ‘சாக்குக் கழிவு, பதர்க் கழிவு’ என்று மூடைக்கு எத்தனை கிலோ கழிப்பார் என்பதை நிறுக்க முன்பே கேளுங்கள். மூடையின் நிறை இடத்துக்கு இடம் மாறும். பேச்சைக் கிலோவில் வையுங்கள்.

அரசாங்கம் நிர்ணய விலை அறிவிக்கிறதே, ஏன் கிடைப்பதில்லை?

2025 பெப்ரவரி தொடக்கத்தில் அறிவித்த விலை நாடு 120, சம்பா 125, கீரிச் சம்பா 132 ரூபா. அந்த விலை நெல் சந்தைப்படுத்தும் சபைக் களஞ்சியத்தில், 14 வீத ஈரத்துக்கு உட்பட்ட, தூற்றிய நெல்லுக்கு. கமநல சேவை நிலையப் பதிவு வேண்டும், வங்கிக் கணக்கு வேண்டும், சொந்தச் செலவில் ஏற்றிப்போக வேண்டும். வயல்வாசலில் ஈரத்தோடு நிற்கும் நெல்லுக்கு அது பொருந்தாது. களஞ்சியம் எப்போது திறக்கிறது என்பதும் முக்கியம். அந்த வருடம் கிழக்கில் மெசின் வயலில் இறங்கிய பின்பே விலை அறிவிப்பு வந்தது.

உத்தரவாத விலை என்பது 1948 இலேயே தொடங்கியது. சபை 1971 ஆம் வருடச் சட்டத்தால் உருவானது. அரசாங்கம் எல்லா நெல்லையும் வாங்கத் தேவையில்லை. முதல் இரண்டு கிழமை களஞ்சிய வாசலைத் திறந்து வைத்தாலே வெளி விலை ஏறும். திறக்கப் பிந்தினால் அறிவிப்பு வெறும் அறிவிப்புத்தான்.

வன்னி நெல் பொலன்னறுவைக்குப் போய் அரிசியாகத் திரும்பி வருவது ஏன்?

100 கிலோ நெல் குற்றினால் 65 கிலோ அளவு அரிசி. மேலே சொன்ன நிர்ணய விலைப்படி நெல் 120 ரூபா, நாடு வகை அரிசிக்கு 2024 டிசெம்பரில் நிர்ணயித்த உச்ச சில்லறை விலை 230. அதன்படி 12,000 ரூபா நெல் 14,950 ரூபா அரிசியாகும். இடையிலுள்ள 2,950 ரூபாவிலும், தவிடு, குறுணல் வரும்படியிலும்தான் அவித்தல், மின்சாரம், பொதி, லொறி, கடை லாபம் எல்லாம். வித்தியாசம் பெரிதல்ல, ஆகவே அளவு பெரிதாக இருந்தால்தான் பிழைக்கலாம். மாசியில் மலையாக வாங்கி ஆறு மாதம் வைத்திருக்க வங்கி முதல் வேண்டும். நிறம் பார்த்துப் பழுது அரிசியைப் பிரிக்கும் இயந்திரம், உலர்த்தி, களஞ்சியம் வேண்டும். பொலன்னறுவைப் பக்கத்துப் பெரிய ஆலைகளிடம் அது இருக்கிறது. நம் பக்கத்துச் சிறிய மில்காரர் நாளாந்தம் குற்றி நாளாந்தம் விற்பவர்.

உலர்த்தியும் களஞ்சியமும் இங்கே வந்தால் பாதிப் பிரச்சினை தீரும். தனி ஆலை மட்டும் கட்டினால் நெல் முடிந்ததும் அது பூட்டித்தான் கிடக்கும்.

1970களில் மிளகாய் விற்றுக் கல்வீடு கட்டினார்கள் என்பது உண்மையா?

உண்மை. 1970 இல் வந்த சிறிமாவோ பண்டாரநாயக்க அரசாங்கம் அந்நியச் செலாவணி இல்லாமல் மிளகாய், வெங்காய இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. அதுவரை கொழும்புக் கடைகளுக்குச் செத்தல் மிளகாய் இந்தியாவிலிருந்து வந்துகொண்டிருந்தது. அது நின்றதும் விசுவமடு, முத்தையன்கட்டு போன்ற இடங்களில் படித்த வாலிபர் திட்டக் காணிகளில் நின்ற இளைஞர் கையில் காசு புரண்டது. 1977 தேர்தலுக்குப் பின் ஜே. ஆர். ஜயவர்தன அரசாங்கம் பொருளாதாரத்தைத் திறந்துவிட்டது. இறக்குமதி மிளகாய் வந்திறங்க, விலை இறங்கியது. உழவு இயந்திரக் கடன் மட்டும் இறங்கவில்லை.

அக்காலத்தைப் பொற்காலம் என்று மட்டும் சொல்பவர்கள் மறுபக்கத்தை விட்டுவிடுகிறார்கள். பாணுக்கு வரிசை, அரிசியை மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டுபோகக் கட்டுப்பாடு, தோட்டங்களில் பட்டினி எல்லாம் அதே கொள்கையின் விளைவுதான்.

இந்தியாவில் எடுக்கும் முடிவு இங்கே எப்படி எதிரொலிக்கிறது?

பெரிய வெங்காயத்தை எடுங்கள். இந்தியா தன் ஊர் விலையை அடக்க 2023 டிசெம்பரில் ஏற்றுமதியைத் தடை செய்து, 2024 மே மாதத்தில் தளர்த்தியது. இடைப்பட்ட மாதங்களில் கிளிநொச்சிச் சந்தையில் வெங்காயம் கிலோக் கணக்கில் வாங்கியவர் கிராமில் கேட்டார். இந்தியாவில் வெங்காயம் விளையும் நாசிக்கில் மழை பிழைத்தால் பரந்தன் கடையில் வடைக்குள் வெங்காயம் குறையும்.

இதற்கு எதிர்த்திசையில் இயங்குவது கொழும்பு விதிக்கும் விசேட வியாபாரப் பண்ட அறவீடு, 2007 ஆம் வருடச் சட்டம். இறக்குமதிப் பொருளில் கிலோவுக்கு இவ்வளவு என்று விதிப்பது, வர்த்தமானியில் ஒரே இரவில் கூடும், குறையும். உள்ளூர் அறுவடைக்கு முன் கூட்டினால் கமக்காரருக்கு விலை. பிந்திக் கூட்டினால், ஏற்கெனவே இறக்கிவைத்த வியாபாரிக்கு லாபம்.

2020 இல் உழுந்து, பயறு, மஞ்சள் இறக்குமதியை நிறுத்தியபோது வவுனியா, முல்லைத்தீவு உழுந்துக்காரருக்கு எதிர்பாராத விலை கிடைத்தது. உழுந்து மூன்று மாதப் பயிர், அடுத்த போகத்திலேயே ஏக்கரைக் கூட்டலாம். மஞ்சள் அப்படியல்ல, எட்டொன்பது மாதம், விதைக் கிழங்கும் வேண்டும். அதனால் உழுந்தில் விதைப்புக் கூடியது, மஞ்சளில் மன்னார்க் கரைக்குப் படகு கூடியது. தடையால் உற்பத்தி பெருகுமா, கடத்தல் பெருகுமா என்பதைப் பயிரின் வயது சொல்லிவிடும்.

மலையகத் தமிழர் வன்னிக்கு வந்தது எப்போது?

அவர்களின் முன்னோர் 19 ஆம் நூற்றாண்டிலேயே வன்னியைக் கடந்தவர்கள். கோப்பித் தோட்டத்துக்கு ஆள் வந்த பாதை இராமநாதபுரக் கரையிலிருந்து படகில் மன்னார், பிறகு காட்டு வழியே கால்நடையாக மாத்தளை. 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இங்கேயும் என்று பிரித்தது. மிச்சம் 150,000 பேரை 1974 இல் பாதி பாதியாகப் பங்கிட்டார்கள். 1970களின் பட்டினியும் 1977 வன்செயலும் பலரை வன்னிக்குத் தள்ளின. கிளிநொச்சியில் பாரதிபுரம், மலையாளபுரம் போன்ற ஊர்கள் இந்த வரலாற்றின் பக்கம்.

குளத்து நீர் பாயும் வயல்கள் அவர்கள் வருமுன்பே பங்கிடப்பட்டுவிட்டன. வந்தவர்களுக்குக் கிடைத்தது மேட்டுக் காணி. பல குடும்பங்கள் தலைமுறை தாண்டியும் கூலி வேலையில் நிற்பதற்குச் சோம்பலையோ படிப்பையோ காரணம் சொல்பவர்கள் வாய்க்கால் எங்கே நிற்கிறது என்று ஒரு தரம் போய்ப் பார்க்கலாம்.

2021 இல் பசளை நின்றபோது உண்மையில் என்ன நடந்தது?

2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்து, நவம்பரில் விலக்கிக்கொண்டார்கள். நவம்பர் என்றால் காலபோக விதைப்பு முடிந்த நேரம். நெல்லுக்கு யூரியா அடிக்கட்டு வெடிக்கும்போது, அதாவது பக்கத் தூர் விடும்போது வேண்டும். அது தாண்டினால் பின்னர் கொட்டினாலும் பிரயோசனம் குறைவு. சேதனப் பசளை கெட்டதென்று இல்லை. ஆனால் ஓர் அந்தர் யூரியாவில் 23 கிலோ தழைச்சத்து. அதே அளவுக்கு நல்ல கூட்டெரு தொன் கணக்கில் வேண்டும், அவ்வளவு எரு ஊரில் இருக்கவில்லை.

2022 மார்ச்சில் ரூபாவின் மதிப்பை மிதக்க விட்டதும் டொலர் 200 இலிருந்து 360 க்குப் போனது. அந்த வருடம் நெல் விலையும் ஏறியதால் விளைந்தவருக்குத் தப்ப வழி இருந்தது. விளையாதவருக்கு இரட்டை அடி. 2024 இல் அறிவித்த பசளை மானியம் ஹெக்டேயருக்கு 25,000 ரூபா, அதிகம் இரண்டு ஹெக்டேயருக்கு. காசு வங்கிக்கு வரும் திகதியும் யூரியா போடும் திகதியும் பொருந்துகிறதா என்பதே கேள்வி.

பொருளாதாரத் தடைக் காலம் விலையை எப்படி மாற்றியது?

போர் நடந்த 1990களில் அரசாங்கத் தடையால் எரிபொருள், சீமெந்து, பற்றறி, யூரியா எல்லாம் வவுனியாவுக்கு வடக்கே கட்டுப்பாட்டுப் பொருட்கள். தெற்கிலிருந்து வருவன எல்லாம் ஆனை விலை. இங்கே விளைந்து வெளியே போக முடியாதது மலிவு. 2002 இல் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை திறந்ததும் இரண்டு விலையும் சில மாதத்துக்குள் நெருங்கின. 2006 ஓகஸ்டில் பாதை பூட்டியதும் மறுபடி பிரிந்தன.

வெளிநாட்டில் இருக்கிறோம், அப்பாவின் பெர்மிட் வயலை என்ன செய்யலாம்?

வன்னி வயலில் பெரும்பகுதி 1935 காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த அனுமதிப்பத்திரக் காணி. உறுதிக்காணி மாதிரி நினைத்து விற்கவோ, பிள்ளைகளுக்குள் பிரிக்கவோ முடியாது. கைமாற்றப் பிரதேச செயலகத்தின் அனுமதி வேண்டும். வெறும் முத்திரையில் எழுதி வாங்கியவர்கள் ஏமாந்தது ஊருக்கு ஊர் உண்டு.

முதலில் அனுமதிப்பத்திரத்தில் பின்னுரித்தாளி, அதாவது காணிக்கு அடுத்து உரியவர் பெயர் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்பா இருந்தால் இப்போதே பதியச் சொல்லுங்கள். காலமாகிவிட்டால், பெயர் குறிக்கப்பட்டவர் 6 மாதத்துக்குள் காணியைப் பொறுப்பேற்க வேண்டும். தவறினால் உரித்துப் போகலாம். பெயர் குறிக்காவிட்டால் சட்டத்து வரிசைப்படி போகும். அந்த வரிசையில் மகனுக்கு முன்னுரிமை இருந்ததை 2022 திருத்தம் நீக்கியது. ஏக்கர் வரிப் பற்றுச்சீட்டு யார் பெயரில் வெட்டப்படுகிறது என்பதையும் கமநல சேவை நிலையத்தில் கேளுங்கள். செய்கை பார்க்கும் உறவினருக்குக் குத்தகை நெல்லாகவா காசாகவா என்பதை விதைக்க முன்பே பேசிவையுங்கள். நெல் என்றால் காய்ந்த நெல்லா, ஈர நெல்லா என்பதையும் சேர்த்து.